படுத்துக் கிடக்கும் டேங்க்

மார்ச் 4
ஆஸ்பத்திரி ஜெனரேட்டரின் டீசல் டேங்குக்குப் பெயின்ட் அடித்து முடித்தாயிற்று. உருளை டேங்க், குறுக்களவு நூற்றிருபது சென்டிமீட்டர், நீளம் நூற்றெண்பது. சுற்றிவர உள்ள பரப்பும் இரண்டு பக்கத்து வட்டமும் சேர்த்து ஒன்பது சதுர மீட்டர் என்று நானே கணக்குப் போட்டுப் பெயின்ட் வாங்கினேன். ஒரு டப்பா மிஞ்சவில்லை, ஒரு சொட்டுக் குறையவில்லை. மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஸ்டோருக்குத் திரும்பும்போது தலைகால் புரியவில்லை.

மார்ச் 6
அதே வேகத்தில் கொள்ளளவும் போட்டேன். இரண்டாயிரத்து முப்பத்தாறு லிட்டர். உயரம் நூற்றிருபதால் வகுத்தால் சென்டிமீட்டருக்குப் பதினேழு லிட்டர். ஒரு குச்சியில் சமமாகக் கோடு போட்டு ஜெனரேட்டர் ஓட்டும் அண்ணனிடம் கொடுத்தேன். உள்ளே விட்டு எடுத்தால் டீசல் எவ்வளவு என்று தெரிந்துவிடும், இனிக் குத்துமதிப்பு வேண்டாம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிமிர்ந்து நிக்கிற டேங்குக்கு இது சரி தங்கச்சி. இது படுத்துல்ல கிடக்கு" என்றார். படுத்தாலும் நின்றாலும் டீசல் டீசல்தானே அண்ணே என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான்.

மார்ச் 19
குச்சியில் டீசல் எண்பது சென்டிமீட்டரிலிருந்து அறுபதுக்கு இறங்கியிருக்கிறது. ஓடிய மணிக்கணக்குப்படி இன்னும் எண்பது லிட்டர் குறைந்திருக்க வேண்டும். இன்ஜின் சிக்கனமாக ஓடுகிறது போல. நல்லது.

ஏப்ரல் 2
போன வாரம் டேங்கை நிரப்பினோம். அதன் பிறகு ஏழு மணி நேர ஓட்டம். மணிக்கு இருபத்தொன்று, ஆக நூற்று நாற்பத்தேழு லிட்டர். குச்சியோ பதினைந்து சென்டிமீட்டர் இறங்கி, இருநூற்று ஐம்பத்தைந்து போயிற்று என்கிறது. நூறு லிட்டருக்கு மேல் எங்கே? டேங்க் அறைச் சாவி அண்ணனிடம் மட்டும்தான். மேலாளரிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது?

ஏப்ரல் 3
அண்ணனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷ வேலை. சாவியை என் மேசையில் வைத்தார். "நான் எடுக்கல தங்கச்சி." நான் பதிவேட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 21
மறுபடி நிரப்பினோம். மறுபடி ஏழு மணி நேர ஓட்டம். மறுபடி அதே நூறு லிட்டர் குறைகிறது. வந்து இரண்டு வாரமாகாத புது ஆளும் திருடனா? சாவி இப்போது என்னிடம்தானே இருக்கிறது!

ஏப்ரல் 22
காலையில் உருளையான தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து, மேலே ஓட்டை போட்டு, பக்கவாட்டில் சமமாகக் கோடு கிழித்து, டம்ளர் டம்ளராக ஊற்றினேன். தண்ணி அளக்கிற உத்தியோகம் எப்ப கிடைச்சது என்று வீட்டுக்காரர் கேட்டார். முதல் டம்ளருக்கு இரண்டு கோடு ஏறிற்று. நடுவில் ஒரு டம்ளருக்கு ஒரே கோடு. உச்சிக்கு வந்ததும் மறுபடி இரண்டு.

அடியிலும் உச்சியிலும் ஒடுக்கம், நடுவில் அகலம். நிரம்பிய டேங்கில் கொஞ்சம் டீசல் போனாலே குச்சியில் கோடு நிறைய இறங்கும். அண்ணன் அன்றைக்கே சொன்னார். மார்ச் 19-ஐப் புரட்டினேன் — "நல்லது" என்று எழுதி வச்சிருக்கேன். குச்சி டீசலைக் கூட்டிக் காட்டினப்ப நான் வாயே திறக்கல. குறைச்சுக் காட்டினதும் ஒரு மனுஷனத் திருடனாக்கிட்டேனே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் இங்கதான் உட்கார்ந்திருக்கு.

ஏப்ரல் 23
சொல்லவில்லை.

ஏப்ரல் 24
இன்றும் சொல்லவில்லை. மேலாளர் வேலையாக இருந்தார் என்று இங்கே எழுத வந்தேன். அவர் சும்மாதான் இருந்தார்.

ஏப்ரல் 27
கடையில் அண்ணி, அண்ணனின் மனைவி, எதிரே வந்தார். நான் ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டார். திட்டியிருக்கலாம். "அவரு வெளிய தலை காட்டுறதே இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். வாங்க வந்ததை வாங்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

ஏப்ரல் 28
குச்சிக் கணக்குதான் தப்பு, அண்ணன் எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நம்ம தப்பு வெளியே தெரிந்துவிடுமே என்று மேலாளர் இழுத்தார். "நம்ம தப்பு இல்ல சார், என் தப்பு" என்றேன். பாராட்டு வாங்கிய அதே இடத்தில் நின்று, எல்லார் முன்னாலும் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மே 6
அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். புதுக் குச்சியில் லிட்டர் கோடுகள் நடுவில் நெருக்கமாகவும் இரண்டு முனையிலும் தள்ளித் தள்ளியும் இருக்கின்றன. மன்னிச்சிருங்கண்ணே என்றேன். பரவாயில்லை என்றார், துணியால் கையைத் துடைத்துக்கொண்டே. பிறகு குச்சியை டேங்கில் விட்டு எடுத்து, ஈரத்தோடு என் முன்னால் நீட்டினார்.

"நீங்களே பார்த்து எழுதிக்குங்க மேடம்."

பார்த்தேன். எழுதினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.