ஆமென் சொல்லும் முன்னே

திருவிடந்தை,
14.8.1999

என் பிரியமான மாமாவுக்கு,

உங்கள் ஞானம்மாள் எழுதுவது. மஸ்கட் வெயிலில் உங்களைக் கர்த்தர் தம் நிழலில் வைத்துக் காப்பாராக. இங்கே உங்கள் மகள் சுஷ்மிதா சுகம். யு.கே.ஜி.யில் எழுத்துக் கூட்டப் பழகிக்கொண்டு, சுவரெல்லாம் 'ஜெபகுமார்' என்று உங்கள் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறாள். அழிக்க மனசு வரவில்லை. நானும் தினம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதறாதீர்கள், இடது கையால் எழுதுகிறேன். போனில் சின்னக் காயம் என்று சமாளித்தேன். வலது கட்டைவிரல் இன்னும் மடங்கவில்லை. உங்கள் அண்ணன் பாதிதான் சொல்லியிருப்பார், மீதியை நான் சொல்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, நம் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். பக்கத்து வீட்டுச் செங்கம்மாளும் வந்திருந்தாள். அமிர்தவல்லி அக்காவின் ஜெபம்தான் தெரியுமே, ஆரம்பித்தால் மாமல்லபுரம் போன பஸ் திரும்பி வந்துவிடும்! ஆமென் சொல்லும்வரை யாரும் கண் திறக்க மாட்டோம். அந்த நேரம் பார்த்துச் செங்கம்மாளின் புருஷன் சின்னையன் மீன் அறுக்கும் கத்தியோடு உள்ளே வந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தான். பதினோரு பேர் காதிலும் விழுந்தது. அக்கா இன்னும் சத்தமாக ஜெபித்தார். மற்றவர்கள் கண்ணை இறுக்கிக்கொண்டார்கள்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். முந்தின வியாழனும் அவன் வந்து இழுத்துப் போனான். அன்றைக்கு நானும் கண் திறக்கவில்லை. ஜெபம் முடிந்து பார்த்தால் பாயில் உடைந்த வளையல்தான் கிடந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, மாமா.

இந்தத் தடவை திறந்தேன். எழுந்துபோய் நடுவில் நின்றேன். "எம் பொண்டாட்டிய நான் வெட்டுவேன், ஒனக்கு இன்னா? தள்ளுக்கா!" என்று கத்தினான். "எங்க வூட்டுக்கு வந்த பொண்ணு, தொடாதே" என்றேன். நான் நகரவில்லை. அப்போது பட்ட வெட்டுதான் இது. போலீஸ் பிடித்தது, இப்போது ஜாமீனில் வந்துவிட்டான்.

செங்கம்மாள் நம் வீட்டில்தான் இருக்கிறாள். அவளை அனுப்பிவிட்டு, கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகாமல் இருக்கும்படி அண்ணனிடம் சொன்னீர்களாமே. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நான் போகாவிட்டால் யார் போவார்கள்? கண்ணை மூடியிருந்தோம், ஒன்றும் பார்க்கவில்லை என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அது பொய்யும் இல்லையே!

வேதாகமத்தில், தன் வீட்டாரைக் காப்பாற்ற, தாவீதோடு வந்த நானூறு வாளுக்கு முன்னால் போய் நின்றாளே அபிகாயில், அவள் தன் புருஷன் நாபாலிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் கழுதை ஏறினாள். நான் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறப்போகிறேன். என் புருஷன் அந்த முரட்டு நாபால் இல்லை.

செப்டம்பர் பதினேழு, செங்கல்பட்டுக் கோர்ட். கூண்டில் ஏறினால் அவன் முகம் எதிரே இருக்கும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். உங்களைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸ் லீவை முன்கூட்டியே கேட்டுப்பாருங்கள்.

கிடைக்காவிட்டால், அன்று காலை எனக்காக ஜெபம் பண்ணுங்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பண்ணுங்கள், மாமா.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
ஞானம்மாள்