முயற்சிக்கு நாலு புள்ளி

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
14.04.2009

அன்புத் தங்கச்சி ரஞ்சிக்கு,

ஏழு வருடத்துக்குப் பிறகு அண்ணன் சூசைரட்ணத்திடமிருந்து கடிதமா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது. ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன்.

மகள் யூலியாவின் பள்ளிக்கூட ஆசிரியர் பிள்ளைகளுக்கு ரக்பி லீக் தொடங்குகிறார். மே நடுப்பகுதிக்குள் பதினெட்டுப் பிள்ளைகள் சேராவிட்டால் திடல் காற்பந்துக்காரருக்குப் போய்விடும். இதுவரை நாலு பேர். யூலியா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். தமிழ்ச் சனம் முழுக்க என் கடைக்கு முருங்கைக்காய் வாங்க வருவதால், நான் சொன்னால் கேட்பார்களாம். எனக்கோ அந்த விளையாட்டில் ஒரு மண்ணும் தெரியாது. உங்கள் லீட்சில் அதுதான் பெரிய விளையாட்டாமே. விளக்கமாக எழுது.

பிள்ளைகள் சுகமா?

அண்ணன்


லீட்ஸ்
27.04.2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறையைத் திருப்பிப் பார்த்தது உண்மைதான். பிள்ளைகள் இருவரும் சுகம். அவரும் சுகம், நீங்கள் கேட்கவில்லை.

பந்து முட்டை வடிவம். பிடித்துக்கொண்டு முன்னுக்கு ஓடலாம். கையால் கொடுப்பதென்றால் பின்பக்கம்தான். மற்றக் கட்சி கட்டிப்பிடித்து விழுத்தும். எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டுத் தொடரவேண்டும். ஆறு தரம் பிடிபட்டால் பந்து அவர்களுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு விழுத்துவது இல்லை, தொட்டால் போதும். ஒரு 'ட்ரை'க்கு நாலு புள்ளி.

இதெல்லாம் இங்கே ஞாயிறுதோறும் பிள்ளைகளைப் பழக்குகிறவர் சொன்னது. பெயர் இரத்தினவேல். மாதா கோயிலுக்கு வராத சைவக்காரன் என்று நீங்கள் எங்கள் கலியாணத்துக்கு வராமல் விட்டீர்களே, அதே ஆள்தான்.

மரியரஞ்சனி


ஒஸ்லோ
19.05.2009

தங்கச்சி,

நீ எழுதியதில் 'ட்ரை'யை மட்டும் தமிழாக்கிக் கடைக் கதவில் ஒட்டினேன். மேலே கொட்டை எழுத்தில், 'முயற்சிக்கு நாலு புள்ளி'. சாமான் வாங்க வந்த விமலாதேவி அக்கா கண்ணாடியைப் போட்டு வாசித்தா.

"தம்பி, முயற்சி செய்தாலே நாலு புள்ளியோ?"

"ஓம் அக்கா. லண்டன் பக்கத்துச் சட்டம்."

"அப்ப என்ரை சிந்துஜனையும் எழுதும். கணக்கிலை அவன் எவ்வளவு முயற்சி செய்தும் ஒருத்தரும் ஒரு புள்ளி குடுக்கினமில்லை."

ஒரு கிழமையில் இருபத்துமூன்று பேர். திடல் எங்களுக்கு! முதல் நாளே சிந்துஜன் நட்டநடுத் திடலில் பந்தோடு விழுந்து, எழும்பி, "முயற்சி செய்தனான்! நாலு!" என்று கத்தினான். கரையில் நின்ற தாய்மாரும் "நாலு! நாலு!" ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் திடலுக்கு அங்கால் ரயில் போவதைப் பார்த்தேன்.

யூலியாதான் என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். கடைசிக் கோட்டுக்கு அங்கால் பந்தை அழுத்திக் காட்டினாள். "அப்பா, நிலத்திலை படவேணும். அதுதான் ட்ரை."

விளம்பரத்தை நான் கழற்றவில்லை. பிழையென்றாலும் நல்லாக ஓடுகிற சரக்கு.

யூன் 20 முதல் ஆட்டம். எல்லாரும் வாருங்கள்.

அண்ணன்


லீட்ஸ்
30.05.2009

அண்ணா,

சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி உங்கள் கடிதத்தில் ஊற்றுப்பட்டுவிட்டது. அவரும் வாசித்தார். 'எல்லாரும்' என்ற இடத்தில் விரலை வைத்து, "இதுக்குள்ளை நானும் இருக்கிறனோ?" என்று கேட்டார். என்ன சொல்வது?

வர முயற்சி செய்கிறோம்.

ரஞ்சி


ஒஸ்லோ
07.06.2009

ரஞ்சி,

கலியாணத்துக்கு வராதது என் பிழை. அதை நேரே சொல்லவேண்டிய ஆளிடம் நேரே சொல்லுவேன். மச்சான் மச்சம் மாமிசம் சாப்பிடாத நாள் எதுவென்று உன் அண்ணி றோஸ் கேட்கிறாள், உடனே எழுது. விசிலையும் கொண்டுவரச் சொல். தாய்மாரை அடக்க எங்கள் ஆசிரியரால் முடியவில்லை.

வர முயற்சி செய்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். ஒரு தரம் ஏமாந்தேன், இனி அந்தக் கதை எடுபடாது. நீ, மச்சான், பிள்ளைகள் இரண்டு. நாலு பேரின் காலும் ஒஸ்லோ நிலத்தில் படவேண்டும். பட்டால்தான் நாலு புள்ளி.

விமான நிலைய வாசலில் நிற்கப்போகும்
அண்ணன்