அந்த ஜன்னலைச் சுரண்டாதே

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம், உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, என் கை நடுக்கமும் நீ வந்துபோன சமயம் இருந்த அளவுதான், ஆனால் இந்தக் கடிதத்தில் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்கு அந்த நடுக்கம் மட்டும் காரணமில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன், தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வராது. அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக்கி இருக்கும் அந்த ஒரு ஜன்னலையும் கதவையும் தொடாதே. நீயும் தொடாதே, மாப்பிள்ளையையும் தொட விடாதே. மீதியைப் படிக்க உனக்கு நேரமில்லாவிட்டாலும் இந்த வரியை மட்டுமாவது படித்துவிடு தாயே.

போன மாதம் நீ அம்மாவிடம் போனில் சொன்னதையெல்லாம் அவள் அன்றே என்னிடம் சொல்லிவிட்டாள், அவள் வயிற்றில் ரகசியம் எத்தனை நாள் தங்கும் என்று உனக்குத் தெரியாதா. குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்னால் மூன்று மாதம் உடம்பைத் தயார் செய்துகொள்கிறீர்கள் என்றும், டாக்டரம்மா ஏதோ மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றும், ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றும், மாப்பிள்ளை சிகரெட்டை விட்டுவிட்டார் என்றும் சொன்னாள். எனக்கு அத்தனை சந்தோஷம். எங்கள் காலத்தில் முன்கூட்டியே இப்படி யோசித்தவர்கள் யார். கடைசியாக, அந்தச் சின்ன அறையைக் குழந்தைக்காகச் சரி பண்ணுகிறார்கள் என்றாள், அதையும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் படம் வந்தது.

படத்தில் நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். கையில் உப்புத்தாள். தலைமுடி, புருவம், தோள் எல்லாம் மாவு கொட்டியது போல வெள்ளைத் தூசி. பார்க்க அழகாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, உன் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷம் பெயிண்டர் வேலை பார்த்தவனுக்குச் சுவர் பேசும் என்பார்களே, அப்படிப் பேசியது. மேலே பச்சை, அதற்கடியில் சந்தன நிறம், அதற்கும் அடியில் கெட்டியான வெள்ளை, பாளம் பாளமாக வெடித்த வெள்ளை. கம்பியில் நீ சுரண்டிய இடத்தில் ஆரஞ்சும் சிவப்புமாக அடிப்பூச்சு. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது ஈயம் கலந்த பழைய பெயிண்ட். நூற்றுக்கு நூறு என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும், ஆனால் என் கை அந்த வெள்ளையில் எத்தனை வருஷம் புழங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறவரை அது தன்பாட்டுக்குக் கிடக்கும். உலர்ந்தபடியே தேய்த்தால் தூசியாகி மூச்சில் போகும், விரலில் ஒட்டிச் சோற்றோடு போகும், பிறகு எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளை உண்டாகும்போது தாயின் எலும்பிலிருந்து கரைந்து ரத்தத்துக்கு வரும், அங்கிருந்து பிள்ளைக்குப் போகும்.

திங்கட்கிழமை போன் செய்தேன். நீ வேலையில் இருந்தாய், கண்ணாடிக் கடையில் கூட்டம் என்றாய். "அப்பா, நாங்க மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் பண்றோம், இன்னும் ஒரு ஜன்னலும் கதவும்தான் பாக்கி, வர்ற ஞாயித்துக்கிழமை முடிஞ்சிரும்" என்று வைத்துவிட்டாய். அந்தத் துணி மாஸ்க் கொசுவைத் தடுக்கும், இந்தத் தூசியைத் தடுக்காது. செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "மாமா, நீங்க இங்க இருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பீங்க" என்று சிரித்தார். லிப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர், கைவேலையில் கெட்டிக்காரர், அவருக்கு நான் பயந்த கிழவனாகத் தெரிந்திருப்பேன். அவரும் தப்பவில்லை, ஆண்களின் விந்தணுவையும் அந்தத் தூசி கெடுக்கும் என்று சொல்ல வந்தேன், மாப்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று நாக்கு மடங்கிக்கொண்டது. புதன்கிழமை மறுபடி உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் முழுதாகச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான், ஏனென்றால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். அவள் காதில் விழக்கூடாத ஒன்றை இருபத்திரண்டு வருஷமாக வைத்திருந்தேன்.

இப்படியெல்லாம் உனக்கு எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. உனக்கு வயிற்றுவலி என்றால்கூட அம்மாவிடம்தான் சொல்வாய், நான் மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கிவந்து கதவோரம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அப்படிப்பட்ட அப்பன் இன்று பிள்ளைப்பேறு பற்றி எழுதுகிறான் என்றால் எந்த நிலைமையில் எழுதுகிறான் என்று நீயே யோசித்துக்கொள்.

உனக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனது உனக்குத் தெரியும். முதலாவது ஐந்தாம் மாதம், அடுத்தது மூன்றாம் மாதம். அந்த நாலு வருஷமும் எனக்குச் சுரண்டும் வேலைதான். பழைய கட்டடங்களின் கதவு, ஜன்னல், கைப்பிடிக் கம்பி எல்லாவற்றையும் மரமும் இரும்பும் தெரிகிறவரை சுரண்டித் தேய்த்துக் கொடுக்க வேண்டும். யாரும் முகத்தில் ஒன்றும் கட்டிக்கொள்வதில்லை. உடம்பெல்லாம் தூசியோடு அப்படியே வீட்டுக்கு வருவேன். அம்மா வாசலில் என் சட்டையை வாங்கி உதறுவாள், உதறிவிட்டுத்தான் துவைக்கப் போடுவாள். தூசி சூரிய வெளிச்சத்தில் அவள் முகத்தைச் சுற்றிப் பறக்கும். இரண்டு முறையும் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு உதறினாள். பிறகு நான் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு எட்டு மாதம் வீட்டில் கிடந்தேன். அந்தச் சமயத்தில்தான் நீ உண்டானாய். அவர் கால் உடைஞ்ச புண்ணியத்துல பொறந்தவ என்று உன் பெரியம்மா கேலி பண்ணுவாளே, அது கேலியில்லை. கால் சரியானதும் அலமாரி செய்யும் தொழிற்சாலையில் புதுப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை கிடைத்தது, அத்தோடு சுரண்டும் வேலை போயிற்று. நீ தங்கினாய்.

உனக்கு எட்டு வயதில் அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு டாக்டரம்மா எல்லோரையும் பரிசோதிக்க வந்தார். என் மணிக்கட்டு பலமில்லாமல் தொங்குவதைப் பார்த்துவிட்டு முன்னால் என்ன வேலை பார்த்தேன் என்று துருவித் துருவிக் கேட்டார், ரத்தம் எடுத்தார். அடுத்த வாரம் தனியாகக் கூப்பிட்டார். "இத்தனை வருஷம் கழிச்சும் உங்க ரத்தத்துல ஈயம் மிச்சம் இருக்கு, வீட்ல குழந்தை ஏதாவது தவறிப்போயிருக்கா" என்று கேட்டார். இரண்டு என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். "அதனாலதான்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதுங்க, ஆனா இருக்கலாம்" என்றார். அந்த இருக்கலாம் என்ற ஒரு வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன். காய்ச்சலே இல்லாத உன்னைக் காய்ச்சல் என்று சொல்லி ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேனே, நீ கூடக் கேட்டாய், எனக்கு உடம்பு சுடலியேப்பா என்று. உன் ரத்தத்தில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போனால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

இதில் நான் செய்த பெரிய பாவம் சுரண்டியது இல்லை, அது தெரியாமல் செய்தது. தெரிந்த பிறகு வாய் திறக்காமல் இருந்தேனே, அதுதான். மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறியதால்தான் முதல் பிள்ளை போயிற்று என்று அம்மா இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தாள். ஊரில் யார் மாசமாக இருந்தாலும் ஸ்டூலில் ஏறாதே என்பாள், உன்னிடமும் போன மாதம் சொன்னாள், நீ சிரித்தாய். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். பெரியம்மா ஒருமுறை எல்லார் முன்னாலும், பதனமா இருந்திருந்தா ரெண்டும் நின்னிருக்கும் என்று அவளைச் சொன்னாள். அப்போதும் நான் பேசவில்லை.

இன்று காலை பேசினேன். அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உன் படத்தைக் காட்டி ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், சட்டை, டாக்டரம்மா, உன் ரத்தம் எல்லாம். அவள் துணியைக் கொடியில் போட்டபடியே கேட்டாள். நடுவில் ஒரு முறை மட்டும், "எத்தனை வருஷமா தெரியும்" என்றாள். இருபத்திரண்டு என்றேன். வாளியில் மிச்சமிருந்த துணியையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிழிந்து போட்டு முடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "அஞ்சு மாசத்துல போச்சே, அது பொண்ணு. நர்ஸ் சொன்னா. உங்களால தாங்க முடியாதுன்னு நான் சொல்லல" என்றாள். எனக்கு அது தெரியாது சிட்டு. முப்பத்துநாலு வருஷமாக எனக்குத் தெரியாது. அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது, "போய் அவளுக்கு எழுதுங்க, போன்ல சொன்னா பாதியில நிறுத்திருவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

இனி நான் சொல்கிறபடி செய். அந்த அறைக் கதவைச் சாத்தி, அடியில் இருக்கும் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து வை. துடைப்பத்தால் பெருக்காதே, வீட்டில் இருக்கும் சாதாரண தூசி உறிஞ்சும் மெஷினையும் போடாதே, இரண்டுமே தூசியைக் கிளப்பிவிடும். மற்ற அறைகளில் ஏற்கெனவே படிந்ததை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிட வேண்டும், அதையும் நீ செய்ய வேண்டாம், இதற்கென்று பயிற்சி எடுத்த ஆட்கள் அங்கே இருப்பார்கள், அவர்களைக் கூப்பிட்டுப் பெயிண்டைப் பரிசோதிக்கச் சொல், அவர்கள் வேலை செய்யும் நாட்களில் நீங்கள் இருவரும் வேறு எங்காவது போய்த் தங்குங்கள். அன்று போட்டிருந்த உடுப்பை உதறாதே. அதை மற்றத் துணிகளோடு சேர்க்காதே. செருப்பை வெளியே விடு, சாப்பிடும் முன் நகக்கண்வரை கையைக் கழுவு. அந்தப் பழைய ஜன்னல் மேடையில் நீ டீ டம்ளரை வைத்திருப்பதைக் கூடப் படத்தில் பார்த்தேன். நாளைக்கே டாக்டரம்மாவிடம் போய், பழைய பெயிண்டைச் சுரண்டினோம், எங்கள் இரண்டு பேர் ரத்தத்திலும் ஈயம் பார்க்க வேண்டும் என்று நேராகக் கேள். நீ கேட்காவிட்டால் அவர் பார்க்க மாட்டார், வழக்கமான பரிசோதனையில் அது வராது. முடிவு வந்து அவர் சரி என்று சொல்கிறவரை முயற்சியைத் தள்ளிப்போடுங்கள். அவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதே. கீரை, பால், முட்டை எல்லாம் வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தேய்த்ததற்கு எல்லாம் முடிந்துபோய்விடாது, பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்றுதான் கெஞ்சுகிறேன்.

அறை பச்சையாகவே இருக்கட்டும். பிள்ளைக்கு அறையின் நிறம் தெரியாது. ஆறு மாதம் தள்ளிப்போனால் என்ன, ஒரு வருஷம் போனால்தான் என்ன, உனக்கு முப்பது வயதுதான் ஆகிறது. யாராவது ஏன் இன்னும் இல்லை என்று கேட்டால் எங்க அப்பா விடமாட்டேங்கறார் என்று என் தலையில் போட்டுவிடு.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் படித்தாள். ஓரிடத்திலும் அப்படியில்லை என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்கும் தகுதி எனக்கு வர நாளாகும். காகிதத்தை அடுக்கி என் முன்னால் வைத்துவிட்டு, நாளை மறுநாள் தன் ரத்தத்திலும் ஈயம் பார்க்க என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னாள். காலையிலிருந்து என்னிடம் அவள் பேசியது இது ஒன்றுதான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல், மனம் நிறைந்து, பிள்ளைகுட்டிகளோடு நூறு வருஷம் வாழ வேண்டும். உனக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், அம்மாவுக்காக இன்னும் அதிகமாகவே வரட்டும், ஆனால் கோபத்தோடாவது இன்றே பதில் போடு. நலமா என்று விசாரிக்க வேண்டாம், நீளமாக எழுத வேண்டாம், நிறுத்திட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அது வருகிறவரை போனைக் கையிலிருந்து கீழே வைக்க மாட்டேன்.

ஆசிகளுடன்,
இருபத்திரண்டு வருஷம் தாமதமாக எழுதும்
உன் அப்பா