போய்ச் சேர்ந்தார்

பிப்ரவரி 11

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போனில் பேசினால் எனக்குப் பாதி கேட்பதில்லை, மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன் என்று நீதான் சொன்னாய். அதனால் இனிமேல் கடிதம்தான் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். நான் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தையல் கடை ஓடுகிறது. புதுத் துணி தைக்க யாரும் வருவதில்லை. பேண்ட் இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லித்தான் வருகிறார்கள். ஊரே கொழுத்துக்கொண்டிருப்பதால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு டீச்சர் என்னைச் சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். லாரிக்காரர் ஒருவரின் கதை. ஆள் நடமாட்டமே இல்லாத மணல்வெளியில் வண்டி நின்றுவிடுகிறது. தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு நடக்கிறார். வீட்டில் அவர் பெண்டாட்டி காத்திருக்கிறாள். கடைசியில் மணலில் கேன் மட்டும் கிடக்கிறது. பக்கத்தில் அவருடைய ஷூ. தூரத்தில் ஒரு வெளிச்சம். அவ்வளவுதான், திரை இருட்டாகிவிட்டது. "காசைத் திருப்பிக் குடுங்கய்யா!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

வெளியே வரும்போது வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டேன். தினம் நாலு காட்சி பார்க்கிறவர், அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? "ஏம்ப்பா, அந்த லாரிக்காரர் போய்ச் சேர்ந்தாரா?"

"போய்ச் சேர்ந்துட்டாரும்மா" என்றார்.

எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று வீடு வரும்வரை எனக்கும் டீச்சருக்கும் வாக்குவாதம். ஆள் செத்துவிட்டார் என்பது என் கட்சி. நீ பார்த்தாயா? உன் அபிப்பிராயம் என்ன?

அன்புடன்,
உன் அத்தை


பிப்ரவரி 26

அன்புள்ள அத்தைக்கு,

எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடிக் கடையில் புது மெஷின் வந்திருக்கிறது. லென்ஸைத் தானே தேய்த்துத் தானே விளிம்பு கட்டும் என்றார்கள். அது தேய்த்ததை எல்லாம் நான் மறுபடி கையால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் பேனா பிடிக்கக்கூட விரல் மடங்குவதில்லை.

அந்தப் படத்தை நாங்களும் பார்த்தோம், மதியக் காட்சி. அத்தை, நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை. லாரிக்காரர் சாகவில்லை. கேனின் மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது. சாகப்போகிறவர் காலிக் கேனுக்கு மூடி போட்டுக்கொண்டிருப்பாரா? அதோடு, இருட்டான பிறகு ஒரு நாய் குரைக்கும். பக்கத்தில் ஊர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த வெளிச்சமும் ஊர் வெளிச்சம்தான். அவர் பெண்டாட்டி அவ்வளவு நாள் காத்திருந்தது வீண் போகாது.

இருமலுக்கு மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? பாட்டில் தீர்ந்தால் இருமலும் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 7

அன்புள்ள மருமகளுக்கு,

மருந்து கசக்கிறது, ஆனாலும் சாப்பிடுகிறேன்.

நாய் குரைத்தது எனக்குக் கேட்கவில்லை. என் காதைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. டீச்சரை விசாரித்தேன். குரைத்ததாம். குரைக்கட்டும், நாய் ஊருக்குள்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா? மூடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஷூவைப் பற்றித் தெரியும். மனுஷன் சுடுமணலில் வெறுங்காலோடு எங்கே போவான்? இனிமேல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது என்று ஆன பிறகுதான் கழற்றிப் பக்கத்தில் வைப்பான். ஜோடியாக வைத்திருந்தார், பார்த்தாயா? படுக்கப் போகிறவன் வைக்கிற மாதிரி.

அந்தப் பெண்டாட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அவள்மேல்தான் கோபம். படம் முழுக்க ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். சின்ன வயசு. வேறு சோலி இல்லையா?

"நாங்களும் பார்த்தோம்" என்று எழுதியிருக்கிறாய். நான்கு தடவை படித்தேன். உன்னோடு இன்னொருவர் வந்தார் என்று எடுத்துக்கொள்ளலாமா? கேட்கக்கூடாது என்றால் பதில் எழுதும்போது அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடு. நான் புரிந்துகொள்கிறேன்.

உன் அத்தை


மார்ச் 20

அத்தைக்கு,

தாண்டிப் போக எனக்குத் தெரியவில்லை. கடையில் கண் சோதிப்பவர்தான் வந்தார். நம்மைவிட அமைதியான மனிதர். படம் முடிந்ததும் அவரிடமும் கேட்டேன். "இருட்டுல என்ன நடந்துச்சுன்னு நான் எப்படிங்க சொல்றது? எனக்குத் தெரியல" என்றார். கண்ணில் பிசகு இருக்கிறது என்று சொல்வதற்குக்கூட இரண்டு தடவை சோதித்துப் பார்க்கிறவர் அவர்.

போன மாதம் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை வேலை பார்த்த கப்பல் மூழ்கியது என்றார்கள், சரி. அவரோடு எஞ்சின் அறையில் இருந்தவர்களில் சிலர் கரை சேரவில்லையா? அவர் பெயருக்கு எதிரே கம்பெனிக்காரர்கள் இன்றைக்கும் "காணவில்லை" என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? நாளைக்கே அவர் வந்து நின்றால் நான் என்ன பதில் சொல்வேன்?

ஒன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. பெற்றவள் நீங்கள். "செத்துவிட்டார்", "செத்துவிட்டார்" என்று கடிதத்துக்குக் கடிதம் எப்படி எழுத முடிகிறது? லாரிக்காரரைத்தான் சொன்னேன் என்பீர்கள். நான் என்ன சின்னக் குழந்தையா?

மருமகள்


மே 3

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நாள் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். கோபம் என்று நினைத்துவிடாதே. செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

காணாமல் போனவர் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்று டீச்சரின் தம்பி சொன்னான், அவன் வக்கீல். போதுமான வருஷங்கள் ஆகிவிட்டனவாம். கடையை அடைத்துவிட்டுக் கோர்ட் அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் ஒரு நீள அறை. மின்விசிறி சுற்றிய சுற்றில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒவ்வொரு மேசையிலும் ஒரு கல். குமாஸ்தா என்னை உட்காரச் சொன்னார்.

"காணாமப் போனவருக்கு நீங்க என்ன வேணும்?"

"அம்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மாவே வந்து கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லைம்மா. பெத்தவங்க வரவே மாட்டாங்க. மத்தவங்கதான் சண்டை போட்டுக் கூட்டிக்கிட்டு வருவாங்க."

"என்னை யாரும் கூட்டிக்கிட்டு வரல. எங்க போடணும், சொல்லுங்க."

"நிச்சயமா இறந்துட்டார்னு நம்புறீங்களா?"

"நம்புறேன்."

காட்டிய இடத்தில் போட்டேன். பிறகு அவர் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார். குடிக்க மனமில்லை, ஆனாலும் மரியாதைக்காகக் குடித்தேன்.

மனைவியின் கையெழுத்தும் வேண்டுமாம். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். போடுவதும் போடாததும் உன் இஷ்டம். ஆனால் ஒன்று, எனக்காகக் காத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்தப் பாரத்தை என் தலையில் ஏற்றாதே.

லாரிக்காரர் விஷயத்தில் என் அபிப்பிராயம் மாறவில்லை.

உன் அத்தை


ஆகஸ்ட் 18

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். எத்தனை காகிதம் வீணாயிற்று என்று சொன்னால் திட்டுவீர்கள்.

அந்தப் படம் இங்கே மறுபடியும் ஓடியது. இந்தத் தடவை தனியாகப் போனேன். நீங்கள் சொன்ன ஷூவைப் பார்த்தேன். முதல் தடவை அது என் கண்ணில் படவே இல்லை. நீங்கள் எழுதியிருந்த மாதிரியேதான் இருந்தது. நாய் குரைத்தபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். கூட்டிப் பெருக்க வந்த அம்மா, "இன்னொரு காட்சியும் பாக்கப்போறியா கண்ணு?" என்றாள். வேண்டாம் என்று வெளியே வந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல பசி.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உத்தரவும் வந்துவிட்டது. கண் சோதிப்பவரிடம் சரி என்று சொன்னேன். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டு, மறுநாளும் அதையே கேட்டார். முதலில் உங்களைப் பார்க்க வர வேண்டும் என்கிறார். உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று என்னைக் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. நானே இனிமேல் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகமே வரவில்லையா, அத்தை?

அன்புடன்,
(எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை)


ஆகஸ்ட் 29

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை என்றே கூப்பிடு. பழகிப்போன வாயை எதற்கு மாற்ற வேண்டும்? அவரும் அப்படியே கூப்பிடட்டும். வருவதற்கு முன்னால் ஒரு வரி எழுதிப் போடு. முன்னறையில் கிடக்கும் துணி மூட்டைகளை ஒழிக்க வேண்டும். அவருடைய சட்டை அளவையும் எழுது. கண்ணளவாக வெட்டினால் தோள் கெட்டுப்போகும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது, இனி உத்தரவை யாரும் திருப்ப முடியாது என்பதால் சொல்கிறேன்.

லாரிக்காரர் சாகவில்லை. தியேட்டரில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குத் தெரியும். அந்த வெளிச்சத்துக்கு அவர் போயிருப்பார். அங்கே யாரோ கதவைத் திறந்து உட்காரவைத்திருப்பார்கள். திரும்பி வர வழி தெரியவில்லையோ, வர முடியவில்லையோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கேயோ இருக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். குமாஸ்தாவிடம் நான் சொன்னது பொய். என் பிள்ளை விஷயத்தில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்படி நினைத்துக்கொண்டிருப்பதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கடைக்குப் போகிறேன், வருகிறேன், டீச்சரோடு சண்டை போடுகிறேன். உனக்கு அப்படி இல்லை. ஒரு நாள்கூட உன் நாளாக இல்லை. அதனால்தான் அந்த ஷூவைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு வாதாடினேன். நீ உன் கண்ணால் பார்த்ததையே வைத்துக்கொள். இதை என்னிடம் விட்டுவிடு.

அவர் வரும்போது சினிமாப் பேச்சு வரும். எப்படியும் வரும். செத்துவிட்டார் என்றுதான் நான் அடித்துச் சொல்வேன். நீயும் ஆமாம் போடு.

அன்புடன்,
உன் அத்தை