மல்லாந்து

ஜூன் 4

மகாராணி அவர்களுக்கு,

என் நம்பரை உன் போனில் அடைத்து வைத்துவிட்டாய். அதனால் பேனாவைத் தூக்க வேண்டியிருக்கிறது. நான் சௌக்கியம். கிளினிக்கும் நன்றாக நடக்கிறது. பல் டாக்டரின் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனால் ஊரில் யாருக்கும் பல்வலி நின்றுவிடாது.

உன் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து இத்தனை நாளில் என்ன சாதித்தாய்? மைதானத்தில் எல்லார் முன்னாலும் "வாயை மூடு, எழுதியிருக்கறத மட்டும் படி" என்று சொன்னேன். அவ்வளவுதானே? அதற்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். மாடல் விமானப் போட்டியில் ரிமோட் பிடிக்கிறவன் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அடுத்தது என்ன வித்தை என்று பின்னால் நின்று ஒருவர் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நீ என்னடா என்றால் நடுநடுவே "மல்லாந்து, மல்லாந்து" என்று சொந்தச் சரக்கைச் சேர்ப்பாய். என் விமானம் மல்லாந்து பறக்கிறதா, நிமிர்ந்து பறக்கிறதா என்று எனக்குத் தெரியாதா?

அடுத்த மாதம் ஏழாம் தேதி போட்டி. அதற்குள் வருவதானால் வா. வராவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் உடனே எழுது.

உன் புருஷன்


ஜூன் 9

பைலட் ஐயாவுக்கு,

வணக்கம். நடுவில் இருக்கிற பெரிய பொத்தான். மெஷின் வாங்கிய நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, "அது என்னடி மல்லாந்து?" என்று கேட்டாள். தலை வாரிக்கொண்டிருந்த சீப்பை வைத்தே விளக்கினேன். விமானம் நிமிர்ந்து பறக்கும்போது ரிமோட்டின் குச்சியை இழுத்தால் மேலே ஏறும். தலைகீழாகப் புரண்டு, வயிறு மேலே தெரிய மல்லாந்து பறக்கும்போது அதே மாதிரி இழுத்தால் நேராகத் தரையில் போய்ச் சொருகும். அப்போது குச்சியைத் தள்ள வேண்டும். "இதுகூடவா அவருக்குத் தெரியாது?" என்றாள். இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம் அக்கா, விமானம் மல்லாந்திருப்பதுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை என்றேன்.

ஆமாம், இப்போது போட்டு உடைத்துவிடுகிறேன். முதுகுக்கு வெள்ளை, வயிற்றுக்கு மஞ்சள் என்று பெயின்ட் அடித்தது நீங்கள்தான். போன வருஷத்திலிருந்து உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு "வெள்ளைச் சட்டை எடுப்பா இருக்கில்ல?" என்று கிளினிக்குக் கிளம்பினீர்களே, நினைவிருக்கிறதா? வெயிலில் எப்படியோ சமாளித்துவிடுகிறீர்கள். மேகம் போட்டால் அவ்வளவுதான். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கண் பரிசோதிக்கிறவள் நான். புரை விழுந்தவர் தலையைச் சாய்த்துப் பார்ப்பது எனக்குத் தெரியாதா? சொன்னால், "ஆரம்பிச்சுட்டாடா டாக்டரம்மா" என்றீர்கள். சரி, மனுஷன் மானம் போகாமல் இருக்கட்டும் என்று பின்னால் நின்று ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். போன வருஷக் கோப்பை அந்த வார்த்தையில்தான் வீட்டுக்கு வந்தது.

கல்யாணமாகி நான் அதிகம் பார்த்தது உங்கள் பிடரியைத்தான். என் குரல் காதில் விழுந்ததும் அது விறைக்கும். சரி, கேட்டுவிட்டது என்று தெரிந்துகொள்வேன். திரும்பிப் பார்த்து ஒரு நாள் நல்ல வார்த்தை சொன்னதில்லை.

நான் திரும்பி வர ஒன்றே ஒன்று செய்யுங்கள். கண்ணைக் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். காட்டிய செய்தி வந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். அதுவரைக்கும், பிடுங்குவதற்கு முன்னால் எந்தப் பல் என்று நர்ஸை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
படிக்கிறவள்


ஜூன் 15

டாக்டரம்மாவுக்கு,

சீட்டு வந்து சேர்ந்தது. மேஜையின் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. நாலாக மடித்து அடியில் வைத்தேன், இப்போது ஆடவில்லை. மிக்க நன்றி.

கண்ணாடி விற்கிறவளுக்கு ஊரே குருடாகத்தான் தெரியும். உன் ஒரு வார்த்தையில் கோப்பை வந்ததா? அப்படியானால் கோப்பையில் உன் பெயரையும் பொறித்துவிடட்டுமா? கூடவே உன் அக்கா சீப்பையும் வரையச் சொல்கிறேன்.

உன் இடம் காலியாக இல்லை. தங்கை புருஷன் வந்து படிக்கிறார். கணீர் என்ற குரல். எழுதியிருப்பதற்கு மேல் ஒரு எழுத்து அவர் வாயிலிருந்து வராது. நேற்று நல்ல வெயில், முழு வரிசையும் செய்து பார்த்தேன். குட்டிக்கரணம் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வந்தது. செங்குத்தாக ஏற்றி, உச்சியில் மூச்சடக்கி நிறுத்தி, வாலைத் திருப்பி அதே கோட்டில் இறக்கினேன். நீ சொல்கிற அந்த மல்லாந்ததையும் மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஓட்டினேன், ஒரு சாண் இறங்கவில்லை. "மச்சான், கையா அது!" என்று மாப்பிள்ளை வாயைப் பிளந்துவிட்டார். உன் வாயிலிருந்து என்றைக்காவது அப்படி ஒன்று வந்திருக்கிறதா?

பொத்தானை அழுத்தினேன். சட்டையெல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. மெஷினும் உன் மாதிரிதான் இருக்கிறது.

புருஷன்


ஜூன் 30

பைலட் ஐயாவுக்கு,

உங்கள் கையை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை. அந்தக் கையைப் பார்த்துத்தான் வெயிலில் அத்தனை வருஷம் நின்றேன். அது வானத்தில் கோடு போடும்போது எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. கையோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆளைத்தான் சகிக்க முடியவில்லை.

ஏழாம் தேதி மேகமாக இருக்கும் என்கிறார்கள். மேகமாக இருந்தால் பறக்கவிடாதீர்கள். பந்தலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களிடம் கெஞ்சுவதற்குச் சுவரிடம் கெஞ்சலாம்.

மெஷின் சட்டையை ஒன்றும் செய்யவில்லை. எது எந்த நிறம் என்று மாப்பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
மெஷின்


ஜூலை 10

உனக்கு,

விஷயம் காதுக்கு வந்திருக்கும். குளிர்ந்துபோயிருப்பாய்.

வால் தகட்டை அசைக்கிற குட்டி மோட்டார் சரியான நேரத்தில் காலை வாரிவிட்டது. பேட்டரியும் புதுசு இல்லை. போதாததற்கு மாப்பிள்ளை ஒரு வரியைத் தாமதமாகப் படித்தார். அந்தக் குரலுக்குப் பழைய சாமான் விலைக்கு எடுக்கப் போகலாம், இந்த வேலைக்கு லாயக்கில்லை. விமானம் சுக்குநூறு. பந்தலுக்குப் பத்தடி தள்ளித்தான் விழுந்தது, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்கள். ஒரு காகிதப் பட்டம் விடத் தெரியாதவன்கூட.

நீ வந்திருந்தாய் என்று தங்கை சொல்கிறாள். கயிற்றுக்குப் பின்னால் நின்று ஏதோ கத்தினாயாமே. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பலமான காற்று.

புது விமானத்துக்குச் சொல்லியாகிவிட்டது. இந்தத் தடவை வயிற்றுக்குச் சிவப்பு அடிக்கப் போகிறேன், உன் திருப்திக்காக. நடந்ததையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். நீ கிளம்பி வரலாம்.

புருஷன்


ஜூலை 14

பைலட் ஐயாவுக்கு,

வந்திருந்தேன். உங்கள் முதுகுக்கு நேர் பின்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வானம் முழுக்க ஒரே வெளுப்பு. நாலாவது வித்தையில் விமானம் பாதி புரண்டு நின்றது, வயிறு மேலே. மாப்பிள்ளை நேரத்துக்குத்தான் படித்தார், பாவம், அவர் மேல் பழி போடாதீர்கள். நான் "மல்லாந்து!" என்று கத்தினேன். பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பலமான காற்றா? காற்று எந்தப் பக்கம் என்று காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த துணிப்பை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் பிடரி விறைத்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கேட்டுவிட்டது, இனிமேல் தள்ளிவிடுவார் என்று மூச்சு விட்டேன். நீங்கள் இழுத்தீர்கள். காதில் விழுந்த பிறகு, யார் குரல் என்று தெரிந்த பிறகு, முழுசாக இழுத்தீர்கள். பந்தலில் முன்வரிசையில் உங்கள் தங்கை உட்கார்ந்திருந்தாள். பத்தடி என்று ஏதோ தூரம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

கண் தெரியாதவரோடு குடும்பம் நடத்தலாம், நடத்திக்கொண்டும் இருந்தேன். நான் சொன்னேன் என்பதற்காகவே எதிர்ப்பக்கம் இழுக்கிற ஆளோடு என்னால் முடியாது. வயிற்றுக்குச் சிவப்பு அடித்தாலும் முடியாது. உங்கள் மன்னிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜைக் காலுக்கு வேறு ஏதாவது பாருங்கள். புதுச் சீட்டு ஒன்று வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். ஆபரேஷன் சின்னதுதான், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் கண்ணில் கட்டுப் போட்டிருக்கும், கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒருவர் வேண்டுமாம். சீட்டில் 'உடன் வருபவர்' என்று ஓர் இடம் இருக்கிறது. அதைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.