நான் தோற்கிற படம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பட்டறைக்கு கேட் பற்றவைக்க வந்தவர், "பெரியவரே, அந்த சைக்கிள் படத்துல வர்ற பணக்கார வில்லன் நீங்கதானாமே?" என்றார். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

நானா பணக்காரன்? பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய குழாய்களை நானே வெல்டிங் செய்து ஓட்டிய சைக்கிள் அது. எவனும் சொல்லித் தரவில்லை. பந்தயத்தில் மூன்று வருடம் நானே முதல். நாலாம் வருடம் குள்ளனிடம் தோற்றேன். அவனுக்குப் படம்!

மார்ச் 5

படத்துக்குக் கதை எழுதியவரைப் போனில் பிடித்தேன். "ஏழைய ஏழை ஜெயிச்சா யாருங்க ஐயா பாப்பாங்க?" என்கிறார்.

நான் ஜெயித்தபோதும் ஏழைதானே? அப்போது எங்கே போயிருந்தார்கள்? மூன்று தடவை ஜெயித்துத் தொலைத்ததுதான் என் குற்றமா?

மார்ச் 8, ஞாயிறு

மகள் படம் பார்த்துவிட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "அப்பா... அவர் டயர்ல நீங்க ஆணி குத்துனீங்களா?"

ஆணியா! பாதி வழியில் அவன் டயர் தானாக வெடித்தது. தோளில் மாட்டியிருந்த என் மாற்று டயரைக் கழற்றி அவனிடம் எறிந்துவிட்டுப் போனேன். அதைப் போட்டுக்கொண்டு பதினைந்து மைல் துரத்தி வந்து என்னை முந்தினான், படுபாவி.

சொன்னேன். "சரிப்பா" என்றாள். என்ன சரி அது? நம்பின சரியா? வயசாச்சே, விட்டுடலாம்ங்கிற சரியா?

மார்ச் 9

குள்ளனுக்குப் போன் போட்டேன். மகளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

"டயர் யாருடா குடுத்தா? வாயத் தொறந்து சொல்லு."

"கோவிச்சுக்காதீங்கண்ணே. படத்த நாலு தடவ பாத்துட்டேன். இப்ப எனக்கே ஆணிதான் ஞாபகம் வருது."

"போனை வைடா, நன்றி கெட்டவனே!"

மகள் சிரித்துவிட்டாள். "தன் டயர்ல ஆணி குத்தினவர்கிட்ட யாராவது கோவிச்சுக்காதீங்கம்பாங்களாப்பா? நீங்கதான் குடுத்திருக்கீங்க."

அவள் நம்பிவிட்டாள். என் ஆத்திரம் ஒரு இம்மி குறையவில்லை.

மார்ச் 10

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 14, சனி

மதியக் காட்சிக்கு மகள் இழுத்துக்கொண்டு போனாள். பார்க்காமல் திட்டக் கூடாதாம்.

அத்தனையும் பொய். என் வேடக்காரனுக்குக் குனிந்து ஓட்டவே தெரியவில்லை. காய்கறி வாங்கப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். ஆணிக் காட்சியில் பக்கத்து இருக்கைக்காரர், "நாசமாப் போவான்" என்று என்னைச் சபித்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசி மைல். அந்தக் குட்டைக் கால்கள். முழங்காலில் ரத்தம். எனக்கும் அவனுக்கும் பத்தடி, எட்டடி, ஐந்தடி. "மிதிடா! விடாத, மிதி!" என்று எவனோ தொண்டை கிழியக் கத்தினான்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உக்காருங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது."