பெட்டிக்குள் ஒரு குடித்தனம்

தலவாக்கலை
9.1.1955

அன்புள்ள இசபெல் அப்பாவுக்கு,

இராசம்மா எழுதுவது. நானும் மகளும் சளியும் இருமலுமாக நலம். காலையில் புல்லெல்லாம் பனி பூத்துக் கிடக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் கம்பளியோடுதான் உட்காருகிறார்கள்.

கிறிஸ்மஸுக்கு வந்த நீங்கள் மறுநாள் முதல் பஸ்ஸுக்கே நோர்வூட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். போகுமுன் புதுச் சவர்க்காரத்தை நூலால் நான்காக அறுத்து, ஒரு துண்டை வெளியே வைத்துவிட்டு மூன்றைப் பெட்டியில் பூட்டியிருந்தீர்கள். அந்தத் துண்டு நேற்றுக் கரைந்துவிட்டது. நீங்கள் சொன்னதற்கு இரண்டு நாள் முந்திவிட்டது. இசபெல் தலைக்கும் போட்டாளாம். திட்டினேன். பதினான்கு வயதுப் பெண் தலைக்குச் சவர்க்காரம் போட்டதற்கு ஒரு தாய் இவ்வளவு நேரம் பேசுவாளா என்று பிறகு எனக்கே கசந்தது.

மற்றபடி எல்லாம் நீங்கள் வகுத்தபடிதான். ஒரே லாந்தர். அடுப்பு எரியும்போது அதையும் அணைத்துவிடுகிறோம். அவள் அடுப்பு வெளிச்சத்தில் படிக்கிறாள். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தேயிலைக் குச்சி, மிலாறு பொறுக்கி விறகாக்குகிறோம். டின்பால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மாச்சாக்கைப் பிரித்து அவளுக்கு இரண்டு உள்பாவாடை தைத்தேன். எத்தனை முறை வெளுத்தும் ஆலை முத்திரை போகவில்லை. “எம்மேல நிறை போட்டிருக்கும்மா, நூத்தம்பது றாத்தல்” என்று அவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் சம்பளத்தில் அரிசிக்கும் மாவுக்கும் எடுத்ததுபோக மிச்சத்தை அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல உங்களுடையதையும் சேர்த்து மணப்பாறைக்கு, உங்கள் அண்ணனுக்கு அனுப்புவீர்கள். பதினேழு வருஷமாக அவர் அங்கே நமக்கென்று கட்டும் வீடு முடியவில்லை. நான் அதைப் பார்த்ததும் இல்லை.

முக்கியமான செய்தி இனிமேல்தான். நான்கு வருஷத்துக்கு முன் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டோமே, அதற்கு இப்போதுதான் கடிதம் வந்திருக்கிறது. நாம் இந்த நாட்டில் நிலையாக இருக்கப்போகிறவர்கள்தானா என்று பார்க்க ஓர் அதிகாரி 29ஆம் தேதி வீட்டுக்கு வருகிறார். மனு உங்கள் பெயரில். நானும் மகளும் உங்களுக்குக் கீழே இரண்டு வரி, அவ்வளவுதான். ஆகையால் நீங்கள் அவசியம் வரவேண்டும். இந்தியாவுக்குப் பணம் அனுப்புகிறவர்களின் மனுவைத் தள்ளிவிடுகிறார்கள் என்று பேச்சு. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பிறந்தது இந்த மலையில். போவதற்கு எனக்கு வேறு ஊர் இல்லை.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
இராசம்மா

நோர்வூட்
15.1.1955

அன்புள்ள இராசம்மாவுக்கு,

ஞானரட்ணம் எழுதுவது. நலம். தோட்டத்துப் பேர்ப்பதிவான பழைய செக்ரோல் தாளின் மறுபக்கம் வெறுமனே கிடந்தது, அதில் எழுதுகிறேன். இந்தக் கவரைக் கிழிக்காமல் ஆவி பிடித்துப் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி ஒட்டிக்கொள். சோற்றுப் பசை போதும்.

29 மாதக் கடைசி. செக்ரோல் முடிக்கும் நாளில் கிளாக்கருக்குத் தோட்டத்துத் தொரை லீவு தரமாட்டார். தந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார். நீ கலாசாலையில் படித்தவள், என்னைவிட நன்றாகப் பேசுவாய். பணம் அனுப்புகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்.

நானும் இந்த மலையில் பிறந்தவன்தான். என் அப்பா முப்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தார். வேலை முடிந்த மறு வாரமே குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். பெட்டிகளை ரோட்டோரம் அடுக்கிவிட்டு மழையில் லொறிக்கு நின்றோம். எனக்கு அப்போது இசபெல் வயது. எனக்கும் அப்படித்தான் ஒரு நாள் வரும். அன்றைக்குப் போக ஒரு கூரை வேண்டாமா? அண்ணன் சுவரை முடித்துவிட்டார். ஓடு மட்டும்தான் பாக்கி.

மகளுக்குத் தலைக்குச் சீயக்காய் போதும்.

இப்படிக்கு
ஞானரட்ணம்

தலவாக்கலை
30.1.1955

அன்புள்ள இசபெல் அப்பாவுக்கு,

உங்கள் கவரைப் பிரித்துத் திருப்பி ஒட்டியிருக்கிறேன். மனம்தான் ஒட்டவில்லை.

அதிகாரி நேற்றுப் பத்து மணிக்கு வந்தார். சிங்களவர், நம்மைப்போலவே தமிழ் பேசுகிறார். மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னேன். எங்கே என்று பார்த்தார். நம்மிடம் இருப்பவை இரண்டு தேயிலைப் பெட்டி. ஒன்றில் அவருடைய பைலை வைத்தேன், மற்றதில் அவர் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

பிறப்புச் சான்று, பள்ளிக்கூடக் கடிதம் எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரி என்றார். பணம் அனுப்புவதைக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதை என் வீட்டுக்காரரைத்தான் கேட்கவேண்டும் என்று நழுவினேன். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்க்கலாமா என்றார். சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது? சுவரோரம் மூன்று தகரப் பெட்டி. உடுப்பு ஒன்றில், போர்வை ஒன்றில், சட்டி பானை ஒன்றில். சுருட்டிக் கட்டிய பாய். ஆணியில் ஒரு லாந்தர். மூன்று தட்டு. நான்காவது ஆள் சாப்பிட வந்தால் நாம் சட்டி மூடியில்தானே சாப்பிடுகிறோம்.

“எத்தன வருஷமா இங்க இருக்கீங்க டீச்சர்?” என்று கேட்டார்.

“பதினோரு வருஷம்.”

“போன வாரந்தான் வந்தீங்கன்னு நெனச்சேன்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்து லயத்துக் காளியாயி வீட்டில்கூட ஒரு கட்டிலும் கண்ணாடி வைத்த மேசையும் இருக்கின்றனவாம், அங்கே போய்விட்டுத்தான் வந்தாராம். இங்கே நிலைத்திருக்கப்போகிற வீடு என்று எதை வைத்து எழுதுவது என்று என்னையே கேட்டார். நீங்களும் இருக்கும்படி 26ஆம் தேதி மறுபடியும் வருகிறார்.

சிக்கனமாக இருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். பார்ப்பவர் கண்ணுக்கு மூட்டை கட்டிக்கொண்டு இருக்கிறோம். அவர் போனபின் நானே அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. இந்த வீட்டில் நீங்களும் நானும் என்றைக்கோ வரப்போகும் ரயிலுக்குத்தான் காத்திருந்திருக்கிறோம். இசபெல் பிறந்த நாள் முதலே காத்திருக்கிறாள்.

ஒரு மாதம், இரண்டு மாதம் மணப்பாறைக்கு அனுப்பாதீர்கள். நாலு நாற்காலியும் ஒரு கட்டிலும் வாங்குவோம். அதிகாரிக்காக மட்டும் கேட்கவில்லை.

இராசம்மா

நோர்வூட்
6.2.1955

அன்புள்ள இராசம்மாவுக்கு,

நலம். நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஓடு இறக்கும் நேரத்தில் அண்ணனுக்கு அனுப்பாவிட்டால் கொடுத்த அச்சாரம் போய்விடும். ஒருநாள் வந்து பார்க்கிறவருக்காக நாலு நாற்காலியைக் காசு கொடுத்து வாங்குவது புத்தியல்ல.

அதற்கு நானே வழி செய்துவிட்டேன். தலவாக்கலைக் கடைவீதியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் செல்லசாமி எனக்குத் தெரிந்தவர். 26ஆம் தேதி காலை நாலு நாற்காலியும் ஒரு மேசையும் லொறியில் வந்துவிடும். பின்னேரம் திரும்பிவிடும். லொறிக்காரனுக்கு மட்டும் ஒரு தேத்தண்ணியும் பீடியும் கொடுத்தால் போதும். தகரப் பெட்டிகளைப் பக்கத்து வீட்டில் வைத்துவிடு.

26ஆம் தேதியும் மாதக் கடைசியாகப் போய்விட்டது. நான் வர முடியாது. என் கையெழுத்தோடு ஒரு கடிதம் அனுப்புகிறேன், அதைக் கொடு.

ஞானரட்ணம்

தலவாக்கலை
27.2.1955

இசபெல் அப்பாவுக்கு,

நாற்காலிகள் வந்தன. திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று விடியும்போதே நினைத்திருந்தேன். லொறிக்காரன் இறக்கியதும் துணியை நனைத்து நானே துடைத்தேன். இதை உங்கள்மேல் மட்டும் போட என்னால் முடியாது.

இசபெல் ஒன்றில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, “நல்லாத்தான் இருக்கும்மா, நாளைக்கும் இருக்குமா?” என்று கேட்டாள். நான் வேலியோரத்துக் கோலிப்பூவைப் பறித்து ஜாம் டின்னில் வைத்து மேசைமேல் வைத்தேன். அவ்வளவு தூரம் போனேன்.

அதிகாரி வந்தார். உங்கள் கடிதத்தைப் படித்து மடித்து வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கை வைக்கும் இடத்தில் ஒடிந்து, கம்பி சுற்றியிருந்த நாற்காலி அது. அந்தக் கம்பியை விரலால் கொஞ்ச நேரம் தடவினார்.

“டீச்சர், போன தடவ வந்தப்போ இதுலதான் ஒக்காந்து வடை சாப்பிட்டேன்” என்றார். “அந்தக் கடையில இப்ப ஆளுங்க நின்னுக்கிட்டுச் சாப்பிடுவாங்களே. அனுப்பிருங்க.”

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறேன். பொய் சொன்ன பிள்ளை எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும். நேற்று நான் அப்படித்தான் நின்றேன்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடிக்கொண்டு, பணம் அனுப்புகிறாரா என்று மறுபடியும் கேட்டார். நான் சொல்லிவிட்டேன்.

“அனுப்புறாருங்க. பதினேழு வருஷமா. என் சம்பளமும் அதுல போகுது.”

அவர் பேனாவைத் திறந்து எழுதினார். அது நம் மூவரையும் தள்ளிவிடும் என்று தெரிந்தேதான் சொன்னேன். உத்தமி என்பதால் சொன்னதாக நினைக்காதீர்கள். இரவல் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டு இன்னொரு பொய்யையும் சொல்ல உடம்பில் பலம் இல்லை.

கோபம் இருந்தால் எழுதுங்கள். எழுதாமல் இருக்காதீர்கள்.

இராசம்மா

நோர்வூட்
19.5.1955

அன்புள்ள இராசம்மாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு முடிவு வரட்டும் என்று இருந்ததே காரணம். நேற்று வந்தது. மனுவைத் தள்ளிவிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். அதற்கு வக்கீல், கொழும்புப் பயணம் என்று வீண் செலவு.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. நீ சொன்னது நல்லதாகத்தான் போயிற்று. இனி இங்கேயா அங்கேயா என்ற இரண்டு மனம் வேண்டாம். ஓடு போட்டாகிவிட்டது. வருஷக் கடைசியில் வேலையை விட்டுவிடுகிறேன். புதிதாக எதையும் வாங்காதே. தேயிலைப் பெட்டிகளை யாருக்காவது விற்றுவிடு. கப்பலுக்கும் ரயிலுக்கும் இசபெல்லுக்கு அரை டிக்கெட் கேட்டுப் பார்க்கலாம், அவள் உயரம் குறைவுதானே.

ஞானரட்ணம்

தலவாக்கலை
12.6.1955

அன்புள்ள இசபெல் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி நிம்மதி தெரிந்தது. எத்தனை வருஷமாக நீங்கள் இந்தப் பதிலுக்காகக் காத்திருந்தீர்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாதக் கடைசி என்று நீங்கள் சொன்னதை நானும் நம்பினேன்.

மழையில் நின்ற அந்தப் பையனை நான் மறக்கவில்லை. அவனுக்குக் கூரை கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் அவனுக்காக நானும் மகளும் பதினான்கு வருஷம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். இசபெல்லுக்கு அரை டிக்கெட் கேட்க வேண்டாம். அவள் என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டாள். நீங்கள் பார்த்து ஆறு மாதமாகிறது.

மேல்முறையீட்டுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். வக்கீலுக்கு என் சம்பளத்திலிருந்து கொடுத்துவிட்டேன். மார்ச் மாதம் முதல் அது உங்களுக்கு வரவில்லை, நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை. மனு உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் நானும் மகளும் எங்கும் நிற்க முடியாது. போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். போடாவிட்டாலும் நான் மணப்பாறைக்கு வரப்போவதில்லை. என்னை இங்கே எந்தப் பெயரில் வைத்திருப்பார்கள் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை காலையில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருப்பார்கள் என்பது தெரியும்.

புதிதாக எதையும் வாங்காதே என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்று மாயாண்டி ஆசாரி நம் உள்ளறையில் அலமாரி செய்துகொண்டிருந்தார். சப்பு மரப் பலகை. ஏழடி உயரம், இரண்டு கதவு. பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து அங்கேயே வைத்து அறைந்தார். பாதி வேலையில் என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், வாசக்காலு சின்னது. கழட்டி மாட்டுற மாதிரி செய்யட்டுங்களா? இப்படியே பூட்டிட்டா அப்புறம் வெளிய எடுக்க ஏலாதுங்க.”

இந்த வீடும் பள்ளிக்கூடத்துடையது, என்னுடையதல்ல. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

“இப்படியே பூட்டிருங்க” என்றேன்.

சனிக்கிழமை முடித்துவிட்டார். உடுப்பையெல்லாம் அடுக்கினோம். உங்கள் இரண்டு வேட்டியும் ஒரு கோட்டும் மேல் தட்டில் இருக்கின்றன.

இராசம்மா